எல்.டி. கவரும் எச்.எம். கவரும் ஒரே பாலித்தீன் என்றால், குணம் மாறுவது எதனால்?

கேள்வி: மேசைவிளக்கு

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். பலபடிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, தன் தந்தையின் பாத்திரக் கடையில் விற்கும் இரண்டு வகைக் கவர்களை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். ஒன்று கடைக்காரர்கள் எல்.டி. (குறைந்த அடர்த்தி) என்று சொல்லும் கவர். அது வழுவழுப்பாக இருக்கிறது, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிகிறது, இழுத்தால் நீள்கிறது. மற்றொன்று எச்.எம். கவர். அதைவிட மெல்லியதாக இருந்தும் நீள மறுக்கிறது, மங்கலாக இருக்கிறது, கையில் எடுத்தாலே சரசரக்கிறது. "இரண்டுக்கும் நீங்கள் எழுதிப்போட்ட வாய்பாடு ஒன்றுதானே, டீச்சர்? பிறகு ஏன் இப்படி?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தபோது, உள்ளே வைத்த பொருளிலும் பாலித்தீன் உண்டு என்று மருத்துவர் சொன்னாராம். அதையும் சேர்த்தே கேட்டாள்.

சங்கிலி கிளைத்திருந்தால் அடர்த்தி குறையும், கிளைக்காவிட்டால் கூடும் என்ற பாடநூல் வரியைச் சொன்னேன். அந்த ஒரு வரி அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. இதே வகுப்பில் வைரம், கிராஃபைட் பற்றிப் பேசும்போது, அடுக்குகள் வழுக்குவதால் கிராஃபைட் மென்மையானது என்று முடித்துவிடுகிறோம். அப்படியானால் கொட்டாங்குச்சிக் கரியும் கார்பன்தானே, அது ஏன் உயவுப்பொருளாகாமல் தண்ணீர் வடிகட்டிக்குப் போகிறது? அதை மிகையாகச் சூடாக்கினால் கிராஃபைட்டாக மாறிவிடாதா? அணுக்களின் அமைப்புக்கும் பொருளின் பயனுக்கும் இடையில் இருக்கும் படிகளைக் கொஞ்சம் விரிவாக விளக்க யாராவது முன்வந்தால், வகுப்பில் அப்படியே பயன்படுத்திக்கொள்வேன்.

பதில் 1: ஊதுபடலம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பாலித்தீன் படலம் ஊதும் ஆலையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், கவர்களைப் பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். எத்திலீன் அலகை அடைப்புக்குள் போட்டு எழுதும் வாய்பாடு, சங்கிலி எதனால் ஆனது என்பதைச் சொல்கிறதே தவிர, அது எவ்வளவு நீளம், எங்கெங்கே கிளைக்கிறது, பக்கத்துச் சங்கிலியோடு எப்படி அடங்கியிருக்கிறது என்று எதையும் சொல்வதில்லை. கவரின் குணம் முழுவதும் அந்தச் சொல்லாத பகுதியில்தான் இருக்கிறது.

முதலில் பிறந்தது எல்.டி. தான். 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இருவர், எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வினைப்படுத்த முயன்றபோது, கலத்தில் மெழுகு போன்ற வெண்மையான திண்மம் படிந்திருந்தது. 1935-இல் மைக்கேல் பெரின் அதை மீண்டும் மீண்டும் கிடைக்கும்படி செய்தார். இன்றும் எல்.டி. ஏறத்தாழ அதே வழியில்தான், ஆயிரம் முதல் மூவாயிரம் வளிமண்டல அழுத்தத்தில், தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துண்டு) வினையாகத் தயாராகிறது. இந்த வினையில் வளரும் சங்கிலியின் முனை சும்மா இருப்பதில்லை. அது சில சமயம் பின்னால் வளைந்து, தன் உடலிலேயே நாலைந்து கார்பன் தள்ளியிருக்கும் ஹைட்ரஜன் ஒன்றைப் பறித்துவிடுகிறது. வளர்ச்சி பறிகொடுத்த இடத்திலிருந்து தொடர, பழைய முனை ஒரு குட்டைக் கிளையாகத் தொங்கிப்போகிறது. வேறொரு சங்கிலியிடமிருந்து பறித்தால், அந்தச் சங்கிலியில் நீண்ட கிளை முளைக்கிறது. இப்படி ஆயிரம் கார்பன் அணுக்களுக்குப் பத்து முதல் முப்பது கிளைகள் வரை சேர்ந்துவிடுகின்றன. யாரும் திட்டமிட்டு வைத்த கிளைகள் அல்ல இவை. அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வினை தானாகச் செய்துகொள்வது.

1953-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், டைட்டானியம் சேர்மமும் அலுமினியம் கரிமச் சேர்மமும் கலந்த வினைவேக மாற்றியைக் கொண்டு, சாதாரண அழுத்தத்திலேயே எத்திலீனைக் கோத்தார். அங்கே ஒவ்வோர் அலகும் உலோக அணுவுக்கும் சங்கிலிக்கும் நடுவில் நுழைகிறது. முனை தனியாக அலையாததால், பின்னால் வளைந்து பறிப்பது நடப்பதில்லை. சங்கிலி ஏறத்தாழ நேராக வளர்கிறது. இதுதான் எச்.டி. (உயர் அடர்த்தி) வகை. கவருக்கு வரும் எச்.எம். என்பது, எச்.டி. வகையிலேயே மூலக்கூறு எடை கூடிய ரகம்.

தென்னை ஈர்க்குகளைக் கட்டினால் நெருங்கி அடங்கும், முள்மரக் கிளைகளைக் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி நிற்கும். நேர்ச்சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடங்கிப் படிகமாகின்றன, கிளைத்தவை அந்த அடுக்கிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. எல்.டி.யில் பாதிக்கும் சற்றுக் குறைவான பகுதிதான் படிகம், எச்.டி.யில் அறுபது முதல் எண்பது சதவீதம் வரை. அடர்த்தி முன்னதற்குக் கன சென்டிமீட்டருக்கு 0.91 முதல் 0.93 கிராம், பின்னதற்கு 0.94 முதல் 0.97 கிராம். எண்ணில் பார்த்தால் சிறிய வேறுபாடுதான். ஆனால் விறைப்பும், உருகுநிலையும் (எல்.டி. 110 பாகை செல்சியஸ் அளவில், எச்.டி. 130 அளவில்), எண்ணெயும் வாயுவும் ஊடுருவும் வேகமும் அந்தச் சிறிய வேறுபாட்டோடு சேர்ந்தே மாறுகின்றன. ஊடுருவும் மூலக்கூறு படிகத்துக்குள் போக முடியாது, ஒழுங்கற்ற பகுதி வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். எச்.எம். கவரின் மங்கலும் இங்கிருந்தே வருகிறது. படிகப் பகுதிக்கும் ஒழுங்கற்ற பகுதிக்கும் ஒளிவிலகல் எண் வேறு. அவை பெரிய கூட்டங்களாகச் சேரும்போதும், அதனால் படலத்தின் மேற்பரப்பு கரடாகும்போதும் ஒளி சிதறுகிறது.

பாடநூல் சொல்லாத ஒன்றை நான் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரே மூட்டைக் குருணையிலிருந்து நல்ல கவரும் வரும், கைப்பிடியில் கிழியும் கவரும் வரும். உருக்கிய பிளாஸ்டிக்கை வட்ட அச்சு வழியே குழாய்போல் மேலே இழுத்து, உள்ளே காற்றை ஊதிக் குமிழாக விரித்துத்தான் படலம் செய்கிறோம். எல்.டி. ஊதும்போது வட்ட அச்சிலிருந்து வெளியே வந்ததுமே குமிழ் விரிகிறது. நீண்ட கிளைகள் உருகிய நிலையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் குமிழ் ஆடாமல் நிற்கும். எச்.எம். ஊதும்போது, அச்சின் விட்டத்தைப் போல ஆறேழு மடங்கு உயரம் வரை குமிழை ஒடுங்கிய தண்டாகவே மேலே போகவிட்டு, அதற்குப் பிறகுதான் விரிய விடுவோம். அந்த உயரம் சங்கிலிகள் இளைப்பாறுவதற்கான நேரம். அச்சிலிருந்து வெளிவரும்போது எல்லாம் மேல்நோக்கி இழுபட்டிருக்கும். அவை தளர்ந்தபின் பக்கவாட்டில் விரித்தால், சங்கிலிகள் இரண்டு திசையிலும் பரவுகின்றன. தண்டைக் குறைத்துவிட்டால் எல்லாச் சங்கிலியும் ஒரே திசையில் கிடக்கும். அந்தக் கவர் நெடுக்கில் ஒரே கீறலாகக் கிழிந்துவிடும். உங்கள் மாணவியிடம் ஒரு கவரை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலிகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்பதை விரலே சொல்லிவிடும்.

பால் பாக்கெட்டுக்கு எல்.டி.யை மட்டும் போடாமல் எல்.எல்.டி.யையும் (நேர்ச்சங்கிலிக் குறை அடர்த்தி வகை) கலப்பார்கள். அதில் கிளை உண்டு, ஆனால் நீண்ட கிளை இல்லை. பியூட்டீன் போன்ற துணை அலகை வேண்டுமென்றே சேர்த்துப் பெற்ற ஒரே அளவுக் குட்டைக் கிளைகள்தான். அதனால் குத்தினால் எளிதில் ஓட்டை விழாது, ஒட்டிய ஓரமும் சூடாக இருக்கும்போதே பிடித்துக்கொள்ளும்.

பதில் 2: செயற்கைமூட்டு

பாட்டியின் முழங்காலைப் பற்றி எழுதுகிறேன். மூட்டு உள்வைப்புகளுக்கான பாலித்தீனைக் கடைந்து வடிவமைக்கும் துறையில் பணிபுரிகிறேன்.

மேலே நண்பர் கிளையைப் பற்றிச் சொன்னார். எங்களுக்கு முக்கியமானது நீளம். சாதாரண எச்.டி. சங்கிலியின் மூலக்கூறு எடையை ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதை இழுத்து நேராக்கும்போது நீளம் ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எட்டாது. மூட்டில் வைப்பது மீயுயர் மூலக்கூறு எடைப் பாலித்தீன். அதன் மூலக்கூறு எடை பல பத்து லட்சங்கள். நாற்பது லட்சம் என்று கொண்டால் ஒரே சங்கிலி நேராக்கிய நிலையில் ஏறத்தாழ 36 மைக்ரான் வரும். ஒரு மூலக்கூறின் நீளம் கடைக் கவரின் தடிமனோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்த நீளம் என்ன செய்கிறது? 1957-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆன்ட்ரூ கெல்லர், பாலித்தீன் படிகங்கள் பத்து நானோமீட்டர் அளவே தடிமனுள்ள தகடுகள் என்றும், அவற்றைவிடப் பன்மடங்கு நீளமான சங்கிலிகள் தகட்டுக்குள் முன்னும் பின்னுமாக மடிந்திருக்க வேண்டும் என்றும் காட்டினார். சங்கிலி நீளமாக ஆக, அது ஒரே தகட்டில் மடிந்து முடிந்துவிடாமல், ஒரு பகுதி ஒரு தகட்டிலும் மறு பகுதி அடுத்த தகட்டிலுமாகச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. இந்த இணைப்புச் சங்கிலிகள்தான் தகடுகளைப் பிரியவிடாமல் பிடித்திருப்பவை. பொருள் மேல் விரிசல் மெல்ல ஊர்வதையும், உராய்வில் துகள் உதிர்வதையும் தடுப்பவை அவையே. மூலக்கூறு எடை குறைந்த ரகத்தில் வார்த்த எச்.டி. குப்பி ஒன்றில் சோப்புக் கரைசலை நிரப்பி, மடிப்பில் அழுத்தம் கொடுத்து வைத்தால் நாளடைவில் வெடிப்பு விடும். அந்தக் கரைசல் பாலித்தீனைக் கரைப்பதில்லை, வேதி முறையில் தாக்குவதும் இல்லை. தகடுகளுக்கு இடையே உள்ள சங்கிலிகள் ஒவ்வொன்றாக உருவி வெளிவருவதை அது எளிதாக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியான இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, முதலில் தேர்ந்தெடுத்தது பாலித்தீனை அல்ல, டெஃப்லானை. உராய்வு மிகக் குறைவு என்ற அளவில் அது சரியான தேர்வு. ஆனால் டெஃப்லான் சங்கிலிகள் வழவழப்பான விறைத்த கம்பிகளாக நிற்பவை. பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வது மிகக் குறைவு. எது அதை வழுக்கவைத்ததோ அதுவே அதைத் தேயவும் வைத்தது. சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்துபோய், உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கின. 1962-இல் அவர் மீயுயர் மூலக்கூறு எடைப் பாலித்தீனுக்கு மாறினார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே பொருள்தான் நிலைத்திருக்கிறது.

அந்த நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. இவ்வளவு சிக்கலுற்ற சங்கிலிகள் உருகினாலும் ஓடுவதில்லை. வாளி வார்ப்பதுபோல் அச்சுக்குள் செலுத்தவே முடியாது. பொடியை அழுத்தத்தில் சூடாக்கிக் கட்டியாக்கி, பிறகு மரம் கடைவதுபோல் கடைந்தெடுக்கிறோம். கதிர்வீச்சால் கிருமி நீக்கம் செய்தபோது இன்னொரு சிக்கல் தெரியவந்தது. காமாக் கதிர் சங்கிலிகளை அறுத்துத் தனி உறுப்புகளை விட்டுச் சென்றது; அவை ஆக்சிஜனோடு சேர்ந்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருளை நொறுங்க வைத்தன. 1990-களின் இறுதியிலிருந்து அதே கதிரை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். கூடுதல் அளவில் செலுத்திச் சங்கிலிகளுக்கிடையே குறுக்கிணைப்பு உண்டாக்கி, பிறகு சூடாக்கி, மிஞ்சிய தனி உறுப்புகளை அழித்துவிடுகிறார்கள். அல்லது வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. குறுக்கிணைப்பு அளவு மீறினால் முறிவைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது என்பதால், வளைந்து உருளும் முழங்காலுக்கும் கிண்ணத்துக்குள் சுழலும் இடுப்புக்கும் அதை ஒரே அளவில் வைப்பதில்லை.

இதே பொருளை ஒரு கரைப்பானில் சில சதவீதமே கரைத்து, சிக்கல்கள் பெரும்பாலும் அவிழ்ந்த நிலையில் இழையாக்கி, பல மடங்கு இழுத்தால், மடிப்புகள் நிமிர்ந்து சங்கிலிகள் எல்லாம் இழையின் திசையில் நின்றுவிடும். கட்டியாக இருக்கும்போது ஒரு கிகாபாஸ்கல் அளவில் உள்ள மீள்குணகம் (இழுத்தால் நீள மறுக்கும் விறைப்பின் அளவு) நூறு வரை ஏறுகிறது. குண்டு துளைக்காத உடுப்பும் கப்பல் கட்டும் கயிறும் அதில் செய்கிறார்கள்; அந்தக் கயிறு தண்ணீரில் மிதக்கும். ஆனாலும் சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற எந்தப் பிடிப்பும் இல்லாததால், பாரத்தைத் தொங்கவிட்டு வைத்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். அந்தப் பிடிப்பு உள்ள கெவ்லார் என்ற இழை அப்படி நீள்வதில்லை.

பதில் 3: கரிச்சுரங்கம்

வணக்கம் ஆசிரியை. நான் இலங்கையைச் சேர்ந்தவன். கரிப்பொருட்கள் தொடர்பான பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து வரும் காரீயத்தையும் (கிராஃபைட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்), சிரட்டைக்கரியையும் (உங்கள் கொட்டாங்குச்சிக் கரி) அருகருகே வைத்துப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால், உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு நெருக்கமானது. (உங்கள் சிவகங்கையில் கிடைப்பதும் கிராஃபைட்தான். அங்கே அது பாறைக்குள் செதில்களாகக் கலந்திருக்கிறது. எங்களிடம் பாறை வெடிப்புகளில் நரம்புகளாக ஓடுகிறது. நரம்புக் காரீயம் வெட்டியெடுக்கும்போதே பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மையாக இருக்கும்.)

முதலில் அந்த வழுக்கல் விளக்கம். காரீயத்தின் ஓர் அடுக்குக்குள் அணுக்களுக்கிடையே 0.142 நானோமீட்டர், அடுத்த அடுக்கு 0.335 நானோமீட்டர் தள்ளி. வைரத்தில் எல்லாத் திசையிலும் 0.154. இவ்வளவும் உண்மை. ஆனால் அடுக்குகள் தாமாக வழுக்குவதே முழுக் காரணம் என்றால், காரீயம் எங்கும் வழுக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில், தரையில் நெடுங்காலம் உழைத்த கார்பன் தூரிகைகள் (சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் கட்டைகள்) சில மணி நேரத்திலேயே தேய்ந்து தூளாயின. உயரத்தில் காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதுதான் காரணம். அடுக்குகளின் விளிம்பில் பிணைப்பு நிறைவுறாத அணுக்கள் இருக்கின்றன. நீராவி அவற்றில் ஒட்டி அவற்றை அமைதிப்படுத்தும் வரைதான் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று இலகுவாக நகரும். ஈரம் போனால் விளிம்புகள் பற்றிக்கொள்கின்றன. விண்கலங்களில் காரீயத்துக்குப் பதிலாக மாலிப்டினம் டைசல்ஃபைடைப் பூசுவது இதனால்தான். மாணவர்களுக்கு இதைச் சொல்வது மிக அவசியம் என்பது என் எண்ணம். ஒரு பொருளின் உள் அமைப்பு மட்டுமல்ல, அதன் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதும் அமைப்பில் சேர்ந்ததே.

சிரட்டைக்கரியைச் சூடாக்கினால் காரீயமாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. இதைத் திடமாக நிறுவியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டி.என்.ஏ. ஆய்வுக்கு வருமுன் அவர் செய்த பெரும்பணி கரியைப் பற்றியது. பலவகைக் கரிகளை 3000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1951-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி கரிகள் இரண்டு குடும்பம். ஒன்று சூடு ஏற ஏற அடுக்குகள் ஒழுங்காகிக் காரீயமாகும். மற்றது எவ்வளவு சூடாக்கினாலும் சிறுசிறு அடுக்குக் கற்றைகள் தாறுமாறான திசைகளில் நின்றபடி உறைந்துவிடும். இங்கே பிளாஸ்டிக்குக்கும் கரிக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. பி.வி.சி.யைக் கரியாக்கினால் அது முதல் குடும்பம். அதே சங்கிலியில் இன்னொரு குளோரின் கூடிய பாலிவினைலிடீன் குளோரைடைக் கரியாக்கினால் அது இரண்டாம் குடும்பம். முதலாவது கரியாகும் வழியில் ஒரு கட்டத்தில் தார் போன்ற பாகாகிறது. பாகில் தட்டையான மூலக்கூறுகள் நகர்ந்து அடுக்காகச் சேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது. இரண்டாவது, பாகாகும் முன்பே சங்கிலிகளுக்கிடையே வன்மையாகக் குறுக்கிணைந்துவிடுகிறது. அந்தக் குறுக்கிணைப்பு பின்னால் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அவிழ்வதில்லை. ஆகவே கரியின் தலைவிதி, அது இன்னும் பிளாஸ்டிக்காக இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

சிரட்டை இரண்டாம் குடும்பம். அதிலுள்ள லிக்னினும் செல்லுலோசும் உருகுவதில்லை. காற்றுப் புகாமல் சுட்டால் செடியின் கலச்சுவர்கள் அப்படியே கரியாக நிற்கும். நுணுக்குக்காட்டியில் அந்தச் சுவர்களை இன்னமும் பார்க்கலாம். ஒழுங்கான அடுக்காகச் சேர முடியாத கற்றைகளுக்கு நடுவே மிஞ்சும் இடைவெளிகள்தான் துளைகள். பிறகு 800 முதல் 1000 பாகையில் நீராவியைச் செலுத்தினால், நீராவி கார்பனோடு வினைபட்டுக் கார்பன் மொனொக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறி, மூடிக் கிடந்த துளைகளைத் திறந்துவிடுகிறது. நல்ல சிரட்டைக்கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு உட்பரப்பு இருக்கும்.

துளையின் அகலமே எந்தக் கரி எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிரட்டைக்கரியில் பெரும்பாலானவை இரண்டு நானோமீட்டருக்கும் குறைவானவை. குளோரின் கலந்த நீரில் உண்டாகும் சிறு கரிமச் சேர்மங்கள், மணம் தரும் மூலக்கூறுகள் போன்றவை அதில் சரியாகப் பொருந்தும். துளைச்சுவர் இரு பக்கமும் நெருங்கி நிற்பதால் மூலக்கூறை இரண்டு பக்கத்திலிருந்தும் ஈர்க்கும். சர்க்கரைப் பாகின் பழுப்பு நிறத்தை நீக்க இதே கரியைப் போட்டால் பயன் குறைவு. நிறமூலக்கூறுகள் பெரியவை, நுழையவே முடியாது. அதற்கு அகன்ற துளையுள்ள மரக்கரி வேண்டும். தங்கச் சுரங்கங்களில் சயனைட்டுக் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கச் சிரட்டைக்கரியையே தேடி வாங்குகிறார்கள். அங்கே துளையோடு கடினமும் சேர்ந்து வேலை செய்கிறது. பாறைத்தூள் கலந்த சேற்றில் கரி நாள் முழுக்கக் கலக்கப்படுகிறது. உதிர்கிற கரியோடு அதில் ஏறிய தங்கமும் போய்விடும்.

மின்கலத்திலும் இதே பிரிவினைதான். லித்தியம் அயன் காரீய அடுக்குகளுக்கிடையே புகுந்து ஆறு கார்பனுக்கு ஒன்று என்ற கணக்கில் அமர்கிறது. சோடியம் அப்படிப் போதிய அளவு புகுவதில்லை. ஆகவே சோடியம் மின்கலம் செய்கிறவர்கள், காரீயமாக மறுக்கும் அந்த இரண்டாம் குடும்பத்துக் கரியைத்தான் எதிர்மின்வாய்க்குப் பயன்படுத்துகிறார்கள்.

பதில் 4: இழைவார்ப்பு

முதல் பதிலில் ஒரு சிறு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன். படிகம் கூடினால் மங்கும் என்பதை மாணவர்கள் பொதுவிதியாக எழுதிக்கொள்ளக் கூடாது. குளிர்பானம் வரும் பெட் (PET) பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குழாய் போல வார்த்த தடித்த முன்வடிவம் வேகமாகக் குளிர்விக்கப்பட்டதால் அதில் படிகம் ஏறத்தாழ இல்லை. அதைச் சூடாக்கி நெடுக்கிலும் குறுக்கிலும் ஊதி விரிக்கும்போது சங்கிலிகள் வரிசைப்பட்டுப் படிகமாகின்றன. குப்பியின் வலுவும் வாயுவை உள்ளே வைத்திருக்கும் திறனும் அதனால் வருபவை. ஆனாலும் குப்பி தெளிவாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்தப் படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அதே பெட்டை இழுக்காமல் மெல்லச் சூடாக்கினால் படிகங்கள் பெரிய உருண்டைகளாக வளர்ந்து வெள்ளையாகிவிடும். சூடாக நிரப்பும் பழச்சாற்றுக் குப்பிகள் சிலவற்றில் கழுத்து மட்டும் வெள்ளையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூடி திருகும் இடம் சூட்டில் நெளியக் கூடாது என்பதற்காக அந்தப் பகுதியை மட்டும் வேண்டுமென்றே அப்படிப் படிகமாக்குகிறார்கள்.

கேட்டவர்: மேசைவிளக்கு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பி.வி.சி. பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. நாளைய வகுப்புக்கு முன் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. தோட்டத்துக்குப் போடும் எச்.டி. குழாய் ஏன் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது? அதில் கார்பனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்திருக்கின்றன என்றால், அங்கே கார்பன் என்ன வேலை செய்கிறது? அடுத்தது, எல்.டி.க்கும் எச்.டி.க்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை வகுப்பிலேயே கண்ணால் பார்க்க வழி உண்டா?

பதில் 5: ஊதுபடலம்

குழாயில் இருப்பது கார்பன் பிளாக். எண்ணெயைப் போதிய காற்றில்லாமல் எரித்துக் கிடைக்கும் மிக நுண்ணிய கரி. எச்.டி. குழாயில் இரண்டு முதல் மூன்று சதவீதம் சேர்ப்பார்கள். பாலித்தீன் தூய்மையாக இருந்தால் வெயிலின் புற ஊதாக் கதிரை அதிகம் உறிஞ்சாது. ஆனால் தயாரிப்பின்போதே ஆக்சிஜன் பட்ட சில இடங்களும், எஞ்சிய வினைவேக மாற்றித் துகள்களும் உறிஞ்சிக்கொண்டு, அங்கிருந்து சங்கிலிகள் அறுபடத் தொடங்கும். கார்பன் பிளாக் அந்தக் கதிரை மேல்பரப்பிலேயே விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. துகள் சிறியதாக, இருபது நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நன்கு பரவியிருக்க வேண்டும். அரைகுறையாகக் கலந்து கட்டியாக நின்றால், கதிர் இடுக்கு வழியாக உள்ளே போகும், அதோடு அந்தக் கட்டியே விரிசல் தொடங்கும் இடமாகவும் ஆகிவிடும். குழாயை வாங்கும்போது மெல்லிய சீவல் ஒன்றை வெட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது எங்களிடம் வழக்கம். கறுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். புள்ளியோ வரியோ தெரிந்தால் எடுக்கமாட்டோம்.

கார்பன் பிளாக் பற்றி இன்னொன்று. அதன் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. உலையிலேயே ஒன்றோடொன்று உருகி ஒட்டி, கிளைத்த கொத்துகளாக வெளிவருகின்றன. குழாயில் இருக்கும் இரண்டு மூன்று சதவீதத்தில் கொத்துகள் ஒன்றையொன்று தொடுவதில்லை, எனவே குழாய் மின்காப்பாகவே இருக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கொத்துகள் தொட்டுத் தொட்டுப் பொருள் முழுக்க ஒரு பாதை உருவாகிவிடும். அந்தக் கட்டத்தில் மின்கடத்தும் தன்மை சட்டென்று பல்லாயிரம் மடங்கு ஏறும். கொத்து எவ்வளவு கிளைத்ததோ அவ்வளவு குறைந்த அளவிலேயே இது நடக்கும். உயர் அழுத்த மின்சாரக் கேபிளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இதை நேரில் காணலாம். கம்பியை ஒட்டி ஒரு கறுப்பு உறை, அதற்கு மேல் தடித்த பால்நிற உறை, அதற்கு மேல் மீண்டும் ஒரு மெல்லிய கறுப்பு உறை. பால்நிறம் குறுக்கிணைத்த எல்.டி.; குறுக்கிணைத்ததால், உருகி ஓடாமல் 90 பாகையில் தொடர்ந்து வேலை செய்யும், ஆனால் மீண்டும் உருக்கி வார்க்க முடியாது. கறுப்பு உறைகள், நிறையக் கார்பன் பிளாக் சேர்த்த, ஓரளவு மின்கடத்தும் பாலித்தீன்வகைப் பிளாஸ்டிக். கம்பி முறுக்குகளின் மேடு பள்ளங்களில் மின்புலம் குவிந்து காப்பைத் துளைத்துவிடாதபடி அதைச் சீராக்குவது அவற்றின் வேலை.

பதில் 6: இழைவார்ப்பு

அடர்த்திச் சோதனைக்கு: தண்ணீரில் இரண்டும் மிதக்கும், அதனால் வேறுபாடு தெரியாது. எத்தனாலைத் தண்ணீரோடு எடைக்கணக்கில் 40 பங்கு எத்தனால், 60 பங்கு தண்ணீர் என்று கலந்தால், அறை வெப்பத்தில் அடர்த்தி 0.93-ஐ ஒட்டி வரும். எல்.டி. துண்டு அதில் மேலே நிற்கும், எச்.டி. துண்டு அடியில் போகும். எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. துண்டுகளை முதலில் அதே கரைசலில் நனைத்து, விரலால் தேய்த்து, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழை நீக்கிவிடுங்கள். மெல்லிய படலத்தை ஒரு சிறு குமிழே தூக்கி நிறுத்திவிடும். நிறமற்ற கவரையே எடுங்கள். நிறக் கவர்களில் விலையைக் குறைக்கச் சுண்ணாம்புத்தூள் கலந்திருப்பார்கள். அப்படிப்பட்ட எல்.டி. துண்டும் மூழ்கும். எச்.எம். கவர் மெல்லியதாக இருந்து தடுமாறினால், எச்.டி. குப்பியின் பக்கத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிப் போட்டுப் பாருங்கள். மூடி பல குப்பிகளில் பாலிப்ரொப்பிலீனாக இருக்கும், அது 0.90 அளவில் மேலேயே நின்றுவிடும். எனவே அடியில் உள்ள முக்கோணக் குறியில் எச்.டி.யைக் குறிக்கும் 2 என்று இருக்கும் பகுதியை மட்டும் வெட்டுவது நல்லது.